ஒரு சாணும் இரண்டு விரலும்

என் சாண் ஏழு அங்குலம். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, தோல் இழுத்து வலிக்கிற அளவுக்கு விரித்தாலும் அதற்கு மேல் போகாது. இது எனக்குத் தெரிந்தபோது வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வயதிலிருந்து தையல் வேலை செய்கிறேன். ஊரில் உள்ளவர்களின் மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் அளந்தவள். என் சொந்தக் கையை மட்டும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் குப்பம் மரக்காணத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. எனக்கு வேலை ஆரோவில் பக்கம் ஒரு தையல் கூடத்தில். காலையில் பஸ் ஏறினால் உப்பளங்கள், கூனிமேடு எல்லாம் தமிழ்நாடு. அதன்பிறகு கொஞ்ச தூரம் பாண்டிச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு, அங்கே நான் இறங்கிவிடுவேன். பஸ் நேராகப் போய் மீண்டும் பாண்டிச்சேரிக்குள் நுழையும். ஆக நான் தமிழ்நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போகிறேன், நடுவில் தினமும் வேறு அரசாங்கம் ஒன்றைக் கடக்கிறேன். இது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. எல்லை என்றால் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் பையைத் துழாவுகிற இடம், அவ்வளவுதான். எத்தனை பாட்டில் வரைக்கும் விடுவார்கள், எதைக் கால்சட்டைக்குள் சொருகலாம் என்று எங்கள் ஊர் ஆண்களைக் கேட்டால் வக்கீல் மாதிரி விளக்குவார்கள். கத்தியைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. மீன்பிடிக்கிற ஊரில் கத்தியைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, கடலுக்குப் போகாத ஆள். சின்ன வயதிலேயே அலை ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி எடுத்தே பாதியாகிவிடுவான். அதனால் சமையல் கற்றுக்கொண்டு பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டலில் மாஸ்டராக இருந்தான். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தான். எதையும் பதறாமல் செய்கிறவன், கைச்சுத்தக்காரன். அவனிடம் ஒரு கத்தி இருந்தது. மீனின் முள்ளைத் தொடாமல் சதையை மட்டும் வழித்து எடுக்கிற மெல்லிசுக் கத்தி. ஹோட்டலில் விட்டுவிட்டுப் போனால் எவனாவது தேங்காய் உடைக்க எடுப்பான் என்று லீவு நாளில் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவான். அட்டைப்பெட்டியை வெட்டி அதற்கு ஒரு உறை செய்து, மேலே துண்டு சுற்றி, ரெக்ஸின் பையில் துணிகளுக்கு நடுவே வைப்பான். பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி இருக்கும், நாங்கள் கேலி செய்வோம்.

அந்த வருஷம் அவனுக்குக் கப்பலில் சமையல் வேலை வருவதாக இருந்தது. அலை ஒத்துக்கொள்ளாதவன் கப்பலுக்கா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். பெரிய கப்பல் ஆடாதாம், கடலில் இருப்பதே தெரியாதாம் என்று அவன் ஏஜென்ட் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். செய்து காட்டிய சமையலில் தேறிவிட்டான். மருத்துவச் சோதனை முடிந்துவிட்டது. போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அந்தக் கப்பல் தவிர வேறு பேச்சே அவனிடம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லீவு முடிந்து அவன் ஹோட்டலுக்குத் திரும்பினான். நானும் அதே பஸ். அவன் ஆண்கள் பக்கம் மூன்றாவது ஜன்னல், நான் முன்னால். எல்லையைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். போகிற பஸ்ஸை நிறுத்துவது வழக்கமில்லை, திரும்பி வருகிற பஸ்ஸைத்தான் நிறுத்துவார்கள். அந்த வாரம் அந்தப் பக்கம் ஏதோ தடை உத்தரவாம். கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது, ஆயுதம் கூடாது. எங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லை. ஆடு வெட்டுகிறவர் கத்தியைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனதைக் கொஞ்சம் முன்னால்தான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன்.

பைகளைத் திறக்கச் சொன்னார்கள். அவன் ஒளிக்கவில்லை, தானே துண்டைப் பிரித்துக் காட்டினான். கீழே இறக்கிவிட்டார்கள். நானும் இறங்கினேன்.

ஜீப்பின் பானெட் மேல் அட்டையை வைத்து ஏட்டு ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். கொழுந்தனை ஜீப்பின் பின்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். நான் போய், என் கொழுந்தன் சார், சமையல்காரர், அது மீன் கத்தி என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். கத்தியின் நீளம் போடவேண்டிய இடம். அதற்குள் கத்தியை வெள்ளைத்துணியில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிவிட்டிருந்தார்கள். மறுபடி பிரிக்க அவருக்கு அலுப்பு. என்னைப் பார்த்தார்.

“எவ்ளோ நீளம்மா இருக்கும் அந்தக் கத்தி?”

நான் அவனுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அது சின்னக் கத்தி, பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரியவேண்டும். எங்கள் ஊரில் எதையும் சின்னது என்று சொல்ல விரலைக் காட்டுவோம், சாணைக் காட்டுவோம். நான் வலது கையை விரித்து, அந்தரத்தில் ஒரு தடவை வைத்து, பக்கத்தில் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

“பெரிய கத்திலாம் இல்லீங்க சார். ஒரு சாணு, அதுக்கு மேல ரெண்டு விரலுதான் இருக்கும்.”

அவர் உதட்டுக்குள் கணக்குப் போட்டார். எழுதினார். எழுதியபின், சொந்தக்காரங்க சாட்சி செல்லாதும்மா, நீ பஸ் ஏறு, அந்தக் கண்டக்டரை வரச்சொல்லு என்றார். நான் ஏறினேன். வேலைக்கு நேரமாகிறது என்றும் மனதில் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? என் தோளில் கைப்பை தொங்கியது. அதற்குள் இஞ்ச் டேப் சுருட்டி வைத்திருந்தேன்.

அவனைப் பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். அந்தச் சிறையின் மதிலை என் பஸ் தினமும் தாண்டிப்போகும். நான் அதுவரை அந்த மதிலைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அந்தப் பதினைந்து நாளும் அது வருவதற்கு முன்பே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். உள்ளே என்ன சமைக்கிறார்களோ, அவன் வாயில் வைப்பானோ என்று நினைப்பேன். ஆண்கள் பக்கம் மூன்றாவது ஜன்னலில் யார் உட்கார்ந்தாலும் எழுந்திருக்கச் சொல்ல வேண்டும்போல ஆத்திரம் வரும்.

ஜாமீனில் வந்தான். என் வீட்டுக்காரர்தான் பாண்டிச்சேரியில் ஒரு வக்கீலைப் பிடித்திருந்தார். வக்கீல் சொன்னதை வீட்டில் வந்து சொல்வார். அவருக்குப் புரிந்து, அவர் சொல்லி எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான். ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் கத்தி மாதிரிச் சாமானுக்கு உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பது அந்த இடத்துக்கு அறிவிப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அறிவிப்பு உள்ள இடத்தில், கத்தியின் வெட்டும் அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் வைத்திருப்பதற்கு விலக்கு உண்டு. அது போக அவ்வப்போது தடை உத்தரவு வேறு. ஒரு மாநிலத்தில் காய் நறுக்குவது பக்கத்து மாநிலத்தில் கழுத்து நறுக்குவதாகிவிடலாம்.

“அப்போ ஒம்போதுக்குக் கீழ இருந்தா?” என்று நான் கேட்டேன்.

“கீழ இருந்தா இவ்ளோ தூரம் வந்தே இருக்காதாம். ஆனா பத்தரைன்னு எழுதியிருக்குதே.”

அவர் கொண்டுவந்த நகலை எடுத்துப் பார்த்தேன். ‘சுமார் பத்தரை அங்குல நீளமுள்ள கத்தி.’ வேறு யார் படித்தாலும் அது வெறும் எண். எனக்கு அதில் என் கை தெரிந்தது. சாண் என்றால் ஒன்பது அங்குலம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கு. இரண்டு விரலுக்கு ஒன்றரை. ஏட்டு தப்பாக எதையும் போட்டுவிடவில்லை. அவர் பெரிய கை உள்ள ஒரு ஆம்பளையின் சாணை எழுதினார். நான் காட்டியது என் சாண்.

அன்றைக்குத் தையல் கூடத்தில், எல்லோரும் சாப்பிடப் போனபின், வெட்டும் மேஜை மேல் கையை விரித்து வைத்து டேப்பை நீட்டிப் பார்த்தேன். ஏழு. இரண்டு விரலைச் சேர்த்தேன். எட்டரை. இன்னொரு தடவை பார்த்தேன். அப்புறம் இடது கையை. அதுவும் ஏழுதான்.

அப்போதே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பயம். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் குப்பம் முழுக்கக் கேட்கும், அந்தப் பயம். இதெல்லாம் உண்மைதான், ஆனால் அசல் காரணம் வேறு. கொழுந்தன் என்னை எப்போதும்போல அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லிவிட்டால் அந்தக் குரல் மாறிவிடும். ஜீப் பக்கத்தில் பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவனுக்கு நான் சொன்னது கேட்டிருக்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினேன்.

ஹோட்டல்காரர்கள், எங்களிடம் வேண்டிய கத்தி எல்லாம் இருக்கிறது, அவர் சொந்தக் கத்தி கொண்டுவரத் தேவையே இல்லை என்று கைகழுவிவிட்டார்கள். வேலைக்கான கத்தி என்று நிரூபிக்க ஆள் இல்லை. கப்பல் ஏஜென்ட் போலீஸ் சான்றிதழ் கேட்டான். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அது எப்படி வரும்? முதல் கப்பல் போனது. அடுத்த வருஷம் இன்னொரு கம்பெனி கூப்பிட்டது, அதுவும் அங்கேயே நின்றது. மூன்றாவது வருஷம் வயது தாண்டிவிட்டது என்றார்கள். அவன் கல்யாணச் சமையல் கோஷ்டி ஒன்றில் சேர்ந்துகொண்டான். மரக்காணம், திண்டிவனம், செய்யூர் என்று எங்கள் பக்கத்து வேலைக்கு மட்டும் போவான். வாய்தா தவிர வேறு எதற்கும் எல்லையைத் தாண்டமாட்டான். வீட்டில் மீன் வந்தால் அரிவாள்மணையில் நான்தான் நறுக்குவேன். அவன் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பான், கை வைக்கமாட்டான்.

அந்த மூன்று வருஷத்தில் என் கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன், மதில் வரும்போது மடியில் இருக்கிற வலது கை தானாக விரிந்து கிடக்கும். மூடி வைப்பேன். அடுத்த நாளும் விரியும். தையல் கூடத்தில் யாராவது துணியைக் காட்டி எவ்வளவு நீளம்க்கா இருக்கும் என்று கேட்டால் ஏட்டின் குரல்தான் கேட்கும், டேப்பைத் தூக்கிப் போட்டுவிடுவேன். மற்றவர்களின் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். கண்டக்டர் கை எட்டரை இருக்கும். பூக்காரி கை ஆறேமுக்கால். அவள் முழம் போடும்போது, இந்தக் கையை வைத்து இன்றைக்கு யாருக்கு என்ன அளந்தாளோ என்று தோன்றும். பைத்தியம்தான். ஒரு தடவை சோறு பிசையும்போது கையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட முடியாமல் எழுந்துவிட்டேன். என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா என்று அவன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

போன மாதம் கோர்ட்டில் அந்தத் துணிக்கட்டைப் பிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கூடப் போயிருந்தார். துரு ஏறியிருந்ததாம், அட்டை உறை பூச்சி அரித்துப் பொடியாகிவிட்டதாம். ஸ்கேல் வைத்து அளந்தார்கள். எட்டரை. வழக்கு விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, எவனோ கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறான், மூன்று வருஷம் போச்சே என்று என் வீட்டுக்காரர் கத்தினார். கொழுந்தன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு நகல் வாங்கிவர வேண்டியிருந்தது. அண்ணன் கடலில், தம்பி ஒரு கல்யாண வீட்டில். நான் போனேன். வக்கீலை அதுவரை பார்த்ததில்லை. அவருக்கும் என்னைத் தெரியாது, அவன் அண்ணி என்று மட்டும் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார். காகிதத்தை உறையில் போட்டுக்கொண்டே பேசினார். உங்க கொழுந்தன் நல்ல மனுஷன், ஆனால் அவர் மாதிரிக் கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை என்றார். ஏன் சார் என்றேன்.

“மொத வாரமே கேட்டேம்மா, இந்தப் பத்தரை எப்படி வந்துது, யார் அளந்தாங்கன்னு. அளக்கலை சார், ஒரு பொம்பள கையால காட்டினாங்க, அதை வெச்சு எழுதிக்கிட்டாங்கன்னான். வெறும் உன் பேச்சுக்குத் துணிக்கட்டைப் பிரிக்க மாட்டாங்க, அந்தப் பொம்பளையைக் கூட்டிட்டு வா, உடனே கத்தியை அளக்கச் சொல்லி மனு போடலாம், உன் கப்பலுக்கு முன்னாடியே முடிச்சுடலாம்னேன். தெரியாது சார், யாரோ பஸ்ல வந்த பொம்பளைன்னுட்டான். நானும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேட்டுப் பார்த்தேன். ஊர் தெரியாது, பேர் தெரியாது. அதே பதில்.”

வக்கீல் தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்று உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று முந்தானையால் மூடாமலே அழுதேன். அந்த எஞ்சின் சத்தத்திலும் அவனுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. மூன்று வருஷமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் குரல் மாறிவிடக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது, அவன் என்னைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது. யார் கேட்டது இதை? நான் போய் நின்றிருக்க மாட்டேனா? நின்றிருப்பேனா என்று உடனே இன்னொரு கேள்வி வந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது அவன் கல்யாண வீட்டிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். உறையைக் கொடுத்தேன். பிரித்து, அளவு எழுதியிருந்த பக்கம் வரை படித்தான். எட்டரைன்னு போட்டுட்டாங்களா, சரி என்றான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நான் சொன்னேன்.

“தம்பி, வக்கீலு சொன்னாரு. பஸ்ல வந்த அந்தப் பொம்பள...”

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“எந்தப் பொம்பள அண்ணி?” என்றான். “எனக்கு யாரையும் தெரியாதே.”

பிறகு கைகால் கழுவப் பின்பக்கம் போய்விட்டான். மன்னிச்சுக்க தம்பி என்று சொல்ல வாய்வரை வந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அவனிடம் அதைக் கேட்கவேண்டியவள் யாரோ ஊர் பேர் தெரியாத ஒரு பொம்பளை. நான் வெறும் அவன் அண்ணி.